தாங்கிக்கு வைத்த சைரன்

முனாஸ் கெட்டிக்காரன், அதுதான் அவனைக் கெடுத்தது. கல்முனையில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர்களோடு விளையாட்டு. மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கி வழிந்து சுவரெல்லாம் பாழாகிறது என்று உம்மா புறுபுறுக்க, தாங்கி மூடிக்கடியில் ஒரு சென்சரைப் பொருத்தினான். மூடிக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் சத்தம் போட வேண்டும். சின்ன பஸர் உம்மாவுக்குக் கேட்காது என்று பெரிய சைரனாகப் பார்த்து வாங்கி மாட்டினான். அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

அவர்கள் குடியிருக்கும் குறுகிய ஒழுங்கைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு வீதிதான். மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு புரோக்ராமை ஏற்றினான். 'குறைந்தால்' என்று குறி போட வேண்டிய இடத்தில் 'கூடினால்' என்று போட்டுவிட்டான். பாதித் தாங்கிக்கே சைரன் அலறியது. "கடல் வருது!" என்று யாரோ கத்த, ஒழுங்கையே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. முனாஸ் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அது தாங்கி! ஓடாதீங்க!" என்று கதவு கதவாகத் தட்டினான். பயத்தில் அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

ஏச்சு விழும் என்று பயந்தான். விழவில்லை. அதைவிட மோசமாக, "முனாஸ் கடலுக்கு மெஷின் வெச்சிருக்கான்" என்று கதை பரவியது. சுனாமிக்குப் பிறகு இருபது வருடமாக அரை நித்திரை கொண்டவர்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். அவன் மறுத்தால் அடக்கம் என்றார்கள். அவனுக்கோ கட்டாரில் வேலை சரிவந்து, வெள்ளிக்கிழமை விமானம். சொல்லி நம்பவைத்தால் அவர்களின் நித்திரை போகும். சொல்லாமல் போனால் ஒரு ஒழுங்கையே தண்ணீர்த் தாங்கியை நம்பிக் கிடக்கும்.

கடைசியில் பக்கத்து வீட்டு றாஹிலா மாமியிடம் போனான். சுனாமியில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் அவர்.

"மாமி, அந்த மெஷினுக்குக் கடலத் தெரியா. தாங்கித் தண்ணிக்குத்தான் அடிக்கும்."

"ஓம், எனக்கு முதல் நாளே தெரியும் மகன்."

முனாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நீங்களே எல்லாருக்கும் சொல்லிப்போடுங்க மாமி. நான் வெள்ளிக்கிழமை நிம்மதியாப் போறன்."

மாமி அவன் கையைப் பிடித்தார்.

"சுனாமி அண்டைக்கு எங்கட கதவ ஒருத்தரும் தட்டல்ல மகன். எல்லாரும் அவங்கட புள்ளையளத் தூக்கிட்டு ஓடினாங்க. இந்த முற நீதான் ஓடாம நிண்டு எல்லார்ர கதவையும் தட்டினாய். உன்ட மெஷின நம்பியா நாங்க படுக்கிறம்?"

முனாஸ் கையை இழுத்துப் பார்த்தான். மாமி விடவில்லை.