நின்ற இடத்துக்கு வண்டி வரும்

ஞானப்பிரகாசம் பேருந்து நிலையமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. பழைய நிலையத்தை இடித்த மறுநாள், செருப்பு வார் அறுந்து, மருந்துக்கடை ஓரமாக நின்றார். நாலு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். சங்கரன்கோவில் வண்டி வந்தது. அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் எங்கே நின்றாலும் வண்டி வந்தது. வீட்டுக்குப் போனால் சமையலறை வரை வந்தது. மனைவி எஸ்தர் கொஞ்ச நாள் சண்டை போட்டாள். பிறகு, "ஹாரன் அடிக்காம திரும்பச் சொல்லுங்க, பால் பொங்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவருக்குக் கால் வலித்தது. உட்கார்ந்தால் ஓட்டுநர்கள் குழம்பினார்கள். ஆகவே நின்றார்.

கோவில்பட்டியில் மகள் ஜெபமணிக்குக் குழந்தை பிறந்தது. எஸ்தர் பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அங்கே வீட்டுக்குள் வண்டி வருவதில்லை. ஞானப்பிரகாசமும் போகலாம் என்று படியில் கால் வைத்தார். நடத்துநர் மறித்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஏறிட்டா நாங்க எங்கேருந்து கிளம்புறது?"

நியாயமாகத்தான் பட்டது. காலை எடுத்துக்கொண்டார்.

நடந்தும் பார்த்தார். பின்னால் பயணிகள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு மூச்சு வாங்கியது. பாவமாக இருந்தது. திரும்பிவிட்டார்.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வாசுகி வந்தாள். அங்கே தத்துவத் துறைக்கும் மானிடவியல் துறைக்கும் நடுவே இருந்த சுவர் விழுந்துவிட்டது. அதனால் அவள் இரண்டுக்கும் ஆய்வாளர்.

"உங்களை பஸ் ஸ்டாண்டுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை தாயி. வந்து நின்னாங்க."

"நீங்க மனுஷன்தானே?"

"அதுல சந்தேகமே இல்ல. அதனாலதான் கால் வலிக்கு."

வாசுகிக்கு முகம் மலர்ந்தது. "அப்போ சிக்கலே இல்லைங்க. நாட்டு எல்லை, சாதி, பதவி, எல்லாமே ஊர் ஒத்துக்கிட்டதால இருக்கு. ஒத்துக்கிறதை விட்டா போயிடும்."

"அப்ப விடச் சொல்லும்மா" என்றார் ஞானப்பிரகாசம். அவருக்குக் கண் கலங்கியது.

அவள் பயணிகளிடம் எடுத்துச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டார்கள். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் பதில் சொன்னாள்.

"அவரு ஆளுன்னு எனக்குத் தெரியாதா? என் கூடப் படிச்சவரு. நான் ஒத்துக்கிடவே இல்ல. ஆனா எல்லாரும் இங்க நிக்காங்க. வண்டி இங்க வருது. நான் மட்டும் எங்க போயி நிக்க?"

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஓட்டுநர்களைக் கேட்டாள். அவர்களும் நம்பவில்லை. ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை.

வாசுகி களைத்துப்போய் வந்தாள். "யாருமே ஒத்துக்கலைங்க. அப்படின்னா இது..."

மதுரை வண்டியின் சத்தம் கேட்டது. அவள் பேச்சை விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். அவரை ஒட்டி வரிசையில் நின்றாள்.

"நீயுமா தாயி?"

"வேற எங்கங்க ஏறுறது?" என்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஜெபமணியே வந்தாள். குழந்தையோடு அவர் முன்னால் இறங்கினாள். "அப்பா" என்றாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது அவர் மூக்கைப் பிடித்தது. பயணிகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பேரு என்னம்மா வச்சிருக்க?"

"ஞாயித்துக்கிழமைதான்பா வச்சோம்..."

கோவில்பட்டி வண்டி வந்துவிட்டது. கூட்டம் நெருக்கியது. "இதை விட்டா உக்கார இடம் கிடைக்காதுப்பா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகப் பெயரைக் கத்திச் சொன்னாள். என்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

"பேச்சியம்மா, உனக்குக் கேட்டுச்சா?"

"எட்டயபுரம்னு காதுல விழுந்துச்சு."

அது பெயராக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குழந்தையை ஏந்திய கைகளை அவர் இன்னும் இறக்கவில்லை. அடுத்த வண்டி அந்தக் கைகளுக்கு நேராக வந்து நின்றது.