வாசற்படிக் கல்

பொறாமைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால், எங்கள் ஊர் காஜா பெராங் கிளைக்கு நான்தான் தலைவர். நல்லையாவால் கிடைத்த பதவி. அவன் தச்சன், நான் தரைக்கல் பதிப்பவன். இருவருக்கும் வேலை தரும் தவுக்கே, அதாவது முதலாளி, கன்ட்ராக்டர் மாணிக்கவாசகம். என் மனைவி கோகிலாகூட, "நல்லையா அண்ணன் சட்டையப் பாருங்க, ஒரு கசங்கல் இருக்கா?" என்பாள்.

நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இரண்டு வாரம் இருந்தது. கிளார்க் பிச்சையின் புது வீட்டில் எங்கள் வேலை முடிந்தும் காசு வரவில்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காசு கைக்கு வரும்வரை அவன் முன்கதவை மாட்டமாட்டான், நான் வாசற்படிக் கல்லைப் பதிக்கமாட்டேன். கதவும் படியும் இல்லாத வீட்டில் யார் பால் காய்ச்சுவார்கள்?

கன்ட்ராக்டர் என் கையெழுத்துக்காக ஒரு காகிதத்தோடு வந்தார். அதில் எழுதியிருந்தது: 'வீட்டின்மேல் எனக்குப் பாத்தியதை இல்லை. பாக்கிக்காக எதையும் நிறுத்திவைக்க மாட்டேன்.'

"காசக் குடுங்க தவுக்கே, போடுறேன்."

"நல்லையா போன வாரமே போட்டுட்டானே. புது சைக்கிள்ல சுத்துறான், பார்க்கல?"

பார்த்திருந்தேன். பச்சை சைக்கிள். அதன் மணி மூன்று நாளாக என் வயிற்றுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டானா? கையெழுத்தைப் போட்டேன். அதோடு விட்டேனா? நல்லையாவைவிட நல்ல பிள்ளை என்று காட்ட, அன்றே கல்லையும் பதித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. முட்டாள்தனத்திலும் எனக்குத் தொழில் சுத்தம்.

"என் நூற்றெண்பது வெள்ளி?"

"வீட்டுக்காரர் குடுக்கட்டும், பார்ப்போம்."

நேராகத் தெங்கேராவில் நல்லையாவின் பட்டறைக்குப் போனேன், சண்டை போட. சுவரில் பிச்சை வீட்டுக் கதவு சாய்ந்திருந்தது.

"கையெழுத்தா? நான் எங்க போட்டேன்? சைக்கிள் என் மச்சானோடது. கால ஒடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கான்." என் முகத்தைப் பார்த்தான். "பொன்னு, நீ போட்டுட்டியா? கல்லையுமா?"

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பும் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

புதுமனை புகும் நாள் வந்தது. நிலையில் மாவிலைத் தோரணம், உள்ளே பால் பானை. "பிந்து மானா?" என்று கதவைத் தேடி மலாயில் கத்திக்கொண்டிருந்தார் பிச்சை. நல்லையா கைவண்டியில் கதவைக் கொண்டுவந்தான். பின்னால் தள்ளியது நான்.

அங்கே நின்ற கன்ட்ராக்டரைப் பார்த்து, வண்டியிலிருந்து கதவை இறக்காமல் அதன்மேல் கை வைத்தான். "ரெண்டு பேர் காசும் வரட்டும் தவுக்கே."

"பொன்னுதுரைதான் எழுதிக் குடுத்துட்டானே!"

"நான் குடுக்கலையே. அவன் கல்லத் தாண்டித்தான் என் கதவு போவணும்."

எல்லாவற்றையும் கேட்ட பிச்சை, கன்ட்ராக்டருக்குத் தரவேண்டிய கடைசித் தவணையிலிருந்து எங்கள் இருவருக்கும் தானே கொடுத்தார். கதவு ஏறியது. பால் பொங்கியது.

"நல்லையா அண்ணன் மனசு யாருக்கு வரும்!" என்றாள் கோகிலா. சட்டை, சிரிப்பு எல்லாம் அவனுக்கு. மனசையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாம், பாவி.

மறுவாரம் அவன் வீட்டுக் குளியலறையில் காசு வாங்காமல் கல் பதித்தேன். என்னிடம் நன்றாக வழுக்கும் கல் கொஞ்சம் இருந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். பிறகு சொரசொரப்பானதையே போட்டேன்.