நீலம் பாரிக்கும் வரை

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர். சேர்ந்து சில மாதங்கள் ஆகியும் அந்தப் பெயர் பழசாகவில்லை. குடும்ப வழக்குகள் மட்டுமே எடுக்கும் வக்கீலம்மாவிடம் உதவியாளர் வேலை. உதவியாளர் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நகல் எடுக்க வேண்டும், பக்க எண் போட வேண்டும், வருகிறவர்கள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பிறந்த தேதி கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் யாருக்கு, நாய்க்குட்டி யாருக்கு என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு தம்பதியைப் பார்த்த பிறகு, வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தாலே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முறைத்துக்கொண்டு எழுந்து போவாள்.

சிரிப்பு வராத வேலையும் ஒன்று இருந்தது. அடிபட்டு வருகிற பெண்களின் காயத்தைப் படம் எடுப்பது. அவள் எடுத்த முதல் படத்தைப் பார்த்து வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுல என்னம்மா தெரியுது? வெயில்ல நடந்து வந்த மாதிரி இருக்கு. அடி விழுந்த அன்னைக்கு வெறும் செவப்புதான். ரெண்டு நாள் போனாத்தான் கன்னிப்போய் நீலம் பாரிக்கும். அன்னைக்கும் ஒரு படம், அப்புறமும் ஒரு படம். நடுவுல அந்தப் பொண்ண எங்க தங்க வைக்கிறதுன்னு நாம பாக்கணும். புரியுதா?"

புரிந்தது என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். முதல் பாதி புரிந்துதான் இருந்தது. திட்டு வாங்கின பாதி அல்லவா, மறக்குமா? திட்டு வாங்காத பாதி காற்றோடு போயிற்று.

சலவைக்கடை அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கூடவே ஆறு வயது மகள். வக்கீலம்மா நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அக்கா போன வருடமே வேறொரு வக்கீலை வைத்து, தானும் குழந்தையும் தனியே இருக்க உத்தரவு கேட்டிருந்தாள். புருஷன் சலவைச் சட்டையும் படிந்த தலையுமாக வந்து, "வேலை செய்யுற எடத்துல இடிச்சுக்குறாங்க, பழிய என் மேல போடுறாங்க" என்று பவ்யமாகச் சொன்னானாம். அந்தச் சட்டையையும் இவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். காட்டுவதற்கு இவளிடம் ஒன்றும் இல்லை. மனு தள்ளுபடி. இப்போது அவனே ஒரு மனு போட்டிருந்தான், குழந்தை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று. அடுத்த வாரம் விசாரணை.

"இந்தத் தடவையும் என்னை நம்பலேன்னா, பாப்பாவ அந்த ஆளுகிட்ட குடுத்துடுவாங்களாம்மா?"

அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தகுதி புதுசுக்குக் கிடையாது. கதவைச் சாத்திவிட்டுத் தோள்பட்டையைக் காட்டச் சொன்னாள். வெறும் சிவப்பு. படித்த பாடம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"இப்ப எடுத்தா சரியா தெரியாதுக்கா," என்றாள், தலை நரைத்த அனுபவசாலி மாதிரி. "நாளன்னைக்கு வாங்க. நல்லா நீலமாயிடும். அப்ப எடுத்தா ஜட்ஜால இல்லேன்னு சொல்லவே முடியாது."

"நாளன்னைக்கா?" அக்கா கதவைப் பார்த்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள். "அப்ப வீட்டுக்குப் போயிட்டு வரவா?"

"ஆமாக்கா. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தோடு புதுசு வீடு போய்ச் சேர்ந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அக்கா சொன்னபடி வந்து நின்றாள். தலையைச் சுற்றி ஒரு துண்டு. அதை விலக்கினாள். இடது கன்னம் கண்ணிலிருந்து காதுவரை வீங்கிக் கருநீலமாக இருந்தது. காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"தோள்ல ஒண்ணுமே தங்கலம்மா," என்றாள் அக்கா, ஏதோ சொன்ன வேலையைச் செய்யத் தவறியவள் போல. "நேத்து காலையில கண்ணாடியில பாத்தேன். இருந்த செவப்பும் போயிடுச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பட்டும்னு இருந்தேன். அப்புறம் அந்த ஆளோட அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அதச் சொன்னா சும்மா விடமாட்டான்னு தெரியும்." கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இது போதுமாம்மா? நல்லா தெரியுதா?"

போதுமாம்! புதுசு கேமராவை எடுத்தாள். முதல் மூன்று படங்களும் கலங்கிப்போயின.

"இந்தப் பக்கக் காதுதான் நேத்துலேர்ந்து கேக்கல. வண்டி ஓடுற மாதிரி ஒரே இரைச்சல். அது போட்டோல வராது, இல்ல?"

வக்கீலம்மா உள்ளே வந்தார். ஒரு பார்வையிலேயே எல்லாம் அவருக்குப் பிடிபட்டது, ஒன்றைத் தவிர. "செவ்வாய்க்கிழமையே வந்தியாமே? ஏன் திரும்ப அந்த வீட்டுக்குப் போனே?"

"நானாத்தாம்மா போனேன். பாப்பா துணிமணியெல்லாம் அங்க இருந்துச்சு."

சொன்னபோது அக்கா புதுசின் பக்கம் திரும்பக்கூட இல்லை. புதுசு வாயைத் திறந்திருக்கலாம். கேமராவை மூடி உறையில் போட்டாள்.

வக்கீலம்மா பெண்கள் விடுதிக்குப் பேசினார். ஒரே ஒரு போன். காபி ஆறுவதற்குள் தாய்க்கும் மகளுக்கும் அறை கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே போன் அதே மேசை மேல்தான் சும்மா கிடந்தது.

டாக்டரிடம் அனுப்பும் முன் வக்கீலம்மா மனுவுக்கு விவரம் கேட்டார். "சண்டை எப்படி ஆரம்பிச்சது?"

இந்த முறை அக்கா புதுசைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளிக் குதிப்பார். வேண்டுமென்றே அடி வாங்கினவளை நம்பிக் குழந்தையைக் கொடுக்கலாமா என்பார். புதுசு தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. குழந்தைக்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

"ஒண்ணுமே இல்லம்மா. சும்மாவேதான் அடிச்சான்," என்றாள் அக்கா.

"எவ்விதத் தூண்டுதலும் இன்றி," என்று வக்கீலம்மா சொல்லச் சொல்லப் புதுசு தட்டச்சு செய்தாள்.

விசாரணையன்று நீதிபதி படத்தை நெடுநேரம் பார்த்தார். சலவைச் சட்டைக்காரன் வாயே திறக்கவில்லை. குழந்தை அம்மாவிடமே இருக்கலாம், அவன் அருகில் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. "படம் எடுக்க ஒருவழியா கத்துக்கிட்டே," என்று வக்கீலம்மா புதுசின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல் அவளுக்கு அறை மாதிரி விழுந்தது. இடது காது இனி கேட்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அவள் கையிலிருந்த கோப்பில்தான் இருந்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் அக்கா குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். புதுசு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்றுதான் பிற்பாடு சொல்லிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்கள வீட்டுக்கு அனுப்பினது என் தப்பு. ஹாஸ்டலுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதும். உங்க காது என்னாலதான் போச்சு."

அக்கா கடைசிப் பொத்தானைப் போட்டாள். குழந்தைதான் நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, அந்த அக்கா ஏதோ சொல்றாங்க."

அக்கா தலையை முழுவதுமாகத் திருப்பினாள். "என்னம்மா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

புதுசு எழுந்து வலது பக்கம் போனாள். கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இங்க ஒரு கையெழுத்து போடணும்க்கா," என்றாள்.

அக்கா தாளை மடியில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது புதுசின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நாளன்னைக்கு வாங்கன்னு சொன்னீங்களே. அதாம்மா எங்களக் காப்பாத்துச்சு."