கார்வின் வீட்டு உப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மிச்சிகன் மாநிலம் ட்ராவர்ஸ் சிட்டியில் வசிக்கும் என் தம்பி கார்வின், மளிகைக்கடை அயோடின் உப்பைத் தன் இல்லத்திலிருந்து நாடு கடத்திவிட்டான். அரியணையில் இப்போது இமயமலை இளஞ்சிவப்பு உப்பு.

உப்போடு பால், முட்டை, மீன் எல்லாம் வெளியேறின. நான்கு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி லின்னியாவுக்கு ஓட்ஸ் பாலும், கரடிக்குட்டி வடிவத்தில் வைட்டமின் மிட்டாயும். புட்டியில் 'தூய்மை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஜூன் மாத வெயிலில், கம்பளிச் சட்டையோடு, என் பிறந்தநாள் செர்ரி கேக்கின் முன்னால் உட்கார்ந்தபடியே லின்னியா தூங்கிவிட்டாள். கழுத்து லேசாக வீங்கியிருந்தது.

"டேய், என்னடா இது?"

"உடம்பு நச்சை வெளியேத்துதுக்கா. நீ கொஞ்சம் படிக்கணும்."

"எங்க? உப்பு விக்கிறவன் வெப்சைட்லயா?"

லின்னியா கண் விழித்தாள். "விடுங்க அண்ணி, கர்ப்பம்னா இப்படித்தானாம். நேத்து கார் சாவிய ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டேன்."

மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார். தைராய்டு குறைவு. சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த மிட்டாய்ப் புட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அயோடினே இல்லையேம்மா. உங்க இளஞ்சிவப்பு உப்புல இருக்கறதும் போதாது. அது இல்லாம உங்களுக்குத் தைராய்டு சரியாச் சுரக்காது. முதல் மாசங்கள்ல குழந்தையோட மூளை வளர்றதே உங்க சுரப்பை நம்பித்தான்."

"குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இப்பவே சொல்ல முடியாது. நான் எழுதித் தர்ற மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. மாசாமாசம் ரத்தம் பாப்போம்."

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். சமையலறையில் கார்வின் தன் நாய் மூஸுக்குத் தீனி கொட்டிக்கொண்டிருந்தான். மாத்திரைகளைப் பார்த்ததும், "கெமிக்கலா? கர்ப்பத்துலயா?" என்று பிரசங்கம் தொடங்கினான்.

"அந்தத் தீனிப் பைய நீ படிச்சுத்தான் வாங்குறியா?" என்றாள் லின்னியா.

"பின்ன? வரி விடாம. மூஸ் எனக்குப் புள்ள மாதிரி!"

அவள் பையைப் பிடுங்கித் திருப்பினாள். சேர்மானங்களின் வரிசையில் ஓரிடத்தில் விரலை வைத்து அவன் மூக்கருகே நீட்டினாள். கார்வின் படித்தான். மறுபடியும் படித்தான்.

அந்த வீட்டில் போதுமான அயோடின் கிடைத்துக்கொண்டிருந்தது நாய்க்கு மட்டும்தான்.