ஒரே பாட்டிலில் நானூறு லேபிள்

மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரத்துக்கு சி மொழியில் நிரல் எழுதியது நான். அதில் சென்சார் மாட்டியது என் வீட்டுக்காரர். அதே கம்பெனியில் ஃபிட்டர். லேபிள் ஒட்டியது சென்சாருக்குத் தெரியாவிட்டால், நிரல் லாங்ஜம்ப் என்ற கட்டளையைப் போட்டு ஒரே தாவலில் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி மறுபடி ஒட்டும். மூன்று தடவையோடு நிற்க வேண்டும். நின்றதா? ஒரே பாட்டிலில் நானூறு லேபிளை ஒட்டித் தலையணை ஆக்கிவிட்டது, பாவி இயந்திரம்!

"சென்சார் கோளாறு" என்று சுடச்சுட முதலாளிக்கு எழுதினேன். மாட்டிய ஆளைச் சாயங்காலமே வேலையை விட்டு அனுப்புவதாகப் பதில் வந்தது. வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"சென்சார்ல பசை ஒட்டுறது சகஜம்தானே? அதுக்குத்தானே மூணு தடவைன்னு வெச்ச?" என்றார் அவர். "நேத்து உன் மேசையில சோதிச்சப்ப ஒழுங்கா நின்னுச்சே. இன்னைக்கு என்ன மாத்தின?"

"ஒரு எழுத்துகூட மாத்தல. வேகமா ஓடணும்னு கம்பைலருக்கு ஒரு ஆப்ஷன் குடுத்தேன், அவ்ளோதான்..."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. வேகம் கேட்டதும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எத்தனையாவது தடவை என்ற என் எண்ணிக்கையை நினைவகத்தில் வைக்காமல், சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சின்ன இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. கிளம்பும் இடத்தில் செட்ஜம்ப் என்ற ஜோடிக் கட்டளை ரெஜிஸ்டர்களில் இருப்பதைக் குறித்துவைக்கும்; லாங்ஜம்ப் திரும்பும்போது அந்தப் பழையதையே போட்டுவிடும். கிளம்பும்போது பூஜ்யம், திரும்பினாலும் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் அதற்கு முதல் தடவைதான்! கம்பைலரைத் திட்டவும் வழியில்லை. "இதை நினைவகத்திலேயே வை" என்று சொல்லும் 'வாலடைல்' என்ற ஒற்றைச் சொல்லைப் போடாதது நான்.

போட்டேன். சென்சாரை விரலால் மறைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது.

முதலாளி அறைக்கு ஓடினேன். "தப்பு என்னோடது சார். அவரை அனுப்பாதீங்க."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அவர் இருக்கட்டும். அந்தப் பாட்டிலை நீங்களே உரிங்க."

வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஏதோ முதல் தடவை, தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

"முதல் தடவையா? கன்வேயர் நின்னப்ப என்மேல புகார் எழுதின. மோட்டார் சூடானப்ப எழுதின. இது மூணாவது. ஒவ்வொரு தடவையும் இதேதான் சொல்ற, முதல் தடவைன்னு." அவர் ஒரு லேபிளை உரித்து என் கையில் ஒட்டினார். "அந்த வாலடைலை உனக்கும் ஒண்ணு போட்டுக்க, தாயே."

அடுத்த லேபிளை உரித்தேன். உரிக்க இன்னும் முந்நூறுக்கு மேல் இருந்தது.