முட்ட நிரப்பிய கேன்

அடையாறு பங்க்கில் இரும்புக் கேனைத் தரையில் வைத்துவிட்டு, துரைராஜ் பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.

"போதுமாண்ணே?" என்றாள் பெட்ரோல் போடும் பெண்.

"முட்ட ஊத்தும்மா. கொறையா கீற கேனு தளும்பிக்கினே கெடக்கும்."

பதினைந்து வருஷம் படகில் டீசல் கேன் ஏற்றிய கை அது. இப்போது ஆறு மாதமாகப் புகழேந்தி சாரின் ஜீப்புக்கு டிரைவர். அடுத்த வாரம் கட்ச் பாலைவனத்துக்குப் பயணம். நூறு மைலுக்கு ஒரு பங்க் கிடையாதாம். அதற்குத்தான் இந்தக் கேன். ஓட்டப்போவது துரைராஜ். குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

கேனைப் பின்னால் ஏற்றிய ஜீப், பகல் பூராவும் சார் வீட்டு வாசல் வெயிலில் நின்றது. நான்கு மணிக்கு சார் பின்கதவைத் திறந்தபோது பெட்ரோல் நெடி மூக்கை அடைத்தது. கேன் வயிறு உப்பிக் கிடந்தது. மூடியோரம் கசிந்து விரிப்பெல்லாம் ஈரம்.

"கேன் மேல என்ன எழுதியிருக்கு? படி."

இத்தனை நாளும் 'நீங்க' என்றவர். காலையில், "மேல இருக்கறதப் படிச்சுட்டு நிரப்புங்க" என்றபோது சரி சார் என்று தலையாட்டியிருந்தான். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ் வராது சார்." அவமானத்தில் காது சுட்டது.

"வெயில்ல பெட்ரோல் விரியும், இடம் விடுன்னு போட்டிருக்கு! ஒரு பொறி பட்டா எல்லாரும் சாம்பல். கட்ச்சுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

கேனை வண்டிக்கு வெளியே மாட்டலாம் என்று அவன் முந்தாநாளே சொன்னான். பெயிண்ட் கீறும் என்றவர் சார்தான். அதை இப்போது சொல்லி என்ன பயன்?

அதிகப்படியை டேங்க்கில் ஊற்றி, ஈர விரிப்பை உருவிப் போட்டான். மயிலாப்பூரில் வண்டியைக் கழுவக் கொடுக்க வேண்டும். சாரே ஓட்டினார். எப்போதும் பின்னால் படுத்து வரும் நாய் டஃபியை முன்சீட்டில் ஏற்றினார்.

"அந்த வாடை அவனுக்கு ஆகாது. நீ பின்னாடி உக்காந்து கேனைப் புடிச்சுக்கோ."

பின்னால் சீட்டும் இல்லை, திறக்கிற ஜன்னலும் இல்லை. கேனை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். தலை கிறுகிறுத்தது.

சாந்தோம் சிக்னலில் வண்டி நின்றது. மீன் கூடையோடு நடைபாதையில் எஸ்தர். அவன் பெண்டாட்டி.

"பாத்தியாக்கா, எங்க ஊட்டுக்காரரு ஓட்ற வண்டி!" பக்கத்துக் கூடைக்காரியைத் தட்டிக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

துரைராஜ் கேனுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முன் ஜன்னலில் டஃபி முகத்தை நீட்டிக் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தது.