வண்டு விழுந்த சுவர்

அவனுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் மத்தியில் ரசமட்டம் என்று பெயர். மற்ற தச்சர்கள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே ஆணி அடித்துவிடுவார்கள். இவன் சட்டை மாட்டும் கொக்கி ஒன்றைப் பதிப்பதாக இருந்தாலும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்து, உள்ளே ஓடும் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் சுத்தியலைத் தொடுவான். "பாத்துங்க, ரசம் போயி வெறும் மட்டமா ஆயிடப் போறீங்க" என்று அவன் மனைவி கேலி செய்வாள்.

அவளும் அவனோடுதான் வேலைக்கு வருவாள். அறுப்பதும் பொருத்துவதும் அவன். உப்புத்தாள் போடுவதும் எண்ணெய் பூசுவதும் அவள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்தாலே வீட்டுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

அந்த வேலை ஒரு புது அடுக்குமாடி வீட்டில் வந்தது. கணவன், மனைவி இருவருமே அலுவலகம் போகிறவர்கள். கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு சுவருக்குப் பழைய மரப்பலகை அடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் போனில் படம் காட்டினாள். புதுப் பலகைக்குச் சாயம் பூசி ஏமாற்றக் கூடாது. நிஜமாகவே எங்காவது கிடந்து அடிபட்ட மரமாக இருக்க வேண்டும். ஆணி இருந்த தடம் தெரிய வேண்டும். கறுப்பும் பழுப்பும் சாம்பலுமாகக் கலந்து வர வேண்டும்.

"ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடணும் அண்ணே. ஆபீஸ்ல இருந்து எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கோம்."

"புது வீட்டுக்குப் பழைய பலகையா? நல்லா இருக்கே கதை" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவளுடைய மாமனார். வாழ்நாள் முழுக்கத் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு மகனோடு வந்து சேர்ந்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, துணி வெட்டும் மேசையை மட்டும் கொண்டுவந்திருந்தார். அறையில் பாதி இடத்தை மேசை பிடித்துக்கொள்ள, மீதியில் கட்டிலும் அவரும் இருந்தார்கள். மருமகளுக்கு அந்த மேசை கண்ணில் விழுந்த தூசி. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பெருக்கும்போது துடைப்பம் அதன் காலில் கொஞ்சம் பலமாகவே படும்.

இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கிடங்கில் பலகை கிடைத்தது. மாடித் தளத்துக்குப் போட்டிருந்த மரம். படத்தில் இருந்ததைவிட அழகு. தன் வீட்டு வாசலில் இறக்கி, ஆணி பிடுங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி கையை நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க. இதைப் பாருங்க."

பலகையை நிமிர்த்தித் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஊசி முனை அளவு ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி ஒன்று உதிர்ந்தது. விரலில் தொட்டால் முகப்பவுடர் போல வழுக்கியது.

"அறுப்புத் தூளா இருக்கும்" என்றான்.

"அறுப்புத் தூள் இப்படியா இருக்கும்? உள்ள வண்டு இருக்குங்க. மருந்தை ரெண்டு பக்கமும் ஊத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, கொஞ்ச நாள் வெச்சுட்டு அப்புறம் எடுத்துட்டுப் போலாம்."

அவனுக்கும் தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்முன்னால் நின்றது. இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் அந்தப் பெண் வேறு ஆளைத் தேடிக்கொள்வாள். மருந்தைத் தூரிகையில் தொட்டு முன்பக்கம் மட்டும் ஒரு பூச்சுப் பூசினான். பின்பக்கம் சுவரைப் பார்க்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். மனைவி ஒன்றும் பேசாமல் எண்ணெய் டப்பாவைத் திறந்தாள்.

வேலை ஆரம்பித்த அன்று அந்தப் பெண் கேட்டாள். "பழைய மரம்னா பூச்சி ஏதும் வராதே அண்ணே?"

"எல்லாத்துக்கும் மருந்து அடிச்சாச்சும்மா. உங்க பேரப் பிள்ளைங்க காலம் வரைக்கும் அசையாது."

அதைச் சொல்லும்போது அவன் சட்டங்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்ப வேண்டிய தேவை வரவில்லை.

சுவரில் குறுக்குச் சட்டங்களை முடுக்கி, குமிழி பார்த்து, பலகைகளைக் கீழிருந்து மேலாக அடித்துக்கொண்டு போனான். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது; கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வரக் கூடாது. கூடத்துத் தரையில் பலகைகளைப் பரப்பிப் பார்க்க இடம் போதாமல் அவன் திணறுவதைப் பார்த்துவிட்டு டெய்லர் வெளியே வந்தார்.

"தம்பி, என் மேசைல போட்டுப் பாருங்க. நல்ல அகலம். துணியில கட்டம் சேர்க்கிற மாதிரிதானே இது? நான் எடுத்துத் தர்றேன்."

அப்படித்தான் வேலை நடந்தது. மேசையில் பலகைகளை வரிசை வரிசையாக அடுக்கி, எதற்குப் பக்கத்தில் எது என்று இரண்டு பேரும் வாதாடினார்கள். தன் சாக்கட்டியால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் குறி போட்டுக் கொடுத்தார். மின்சாரப் பெட்டிக்கு ஓட்டை வெட்டும் இடத்தில், "கழுத்து வெட்டற மாதிரி, கொஞ்சம் சின்னதாவே வெட்டிக்குங்க. பெரிசாக்கிக்கலாம், சின்னதாக்க முடியாது" என்றார். அவன் சிரித்தான். முடிந்ததும் சுவர் அவ்வளவு நன்றாக இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் தடவித் தடவிப் பார்த்தார்களாம். அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள்.

வெயில் காலம் போய் மழைக் காலமும் போன பிறகு அவளிடமிருந்து மறுபடி போன் வந்தது.

"அண்ணே, சோபாவுக்குப் பின்னால வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது. துடைக்கத் துடைக்க வருது. கொஞ்சம் வந்து பாருங்க."

அவன் மனைவியிடம், "ஒரு சின்ன ரிப்பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சோபாவை நகர்த்தியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கீழ் வரிசைகளில் புதுப் புது ஓட்டைகள். ஓரம் வெளுத்து, நேற்றுக் குத்தியது போல இருந்தன. பலகையைத் தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்டது. ஜன்னல் ஓரத்தில் சின்னதாக இரண்டு மூன்று வண்டுகள் செத்துக் கிடந்தன.

"கரையானா?" என்று கேட்டான் அவள் கணவன்.

"கரையான் இல்லைங்க. வண்டு."

"எங்கிருந்துண்ணே வந்திருக்கும்? நீங்கதான் மருந்து அடிச்சீங்களே" என்றாள் அவள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நம்பித்தான் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "மாமா ரூம்ல அந்த மேசை இருக்கில்ல, அதுலயும் ஓட்டை இருக்கு. நேத்துதான் பாத்தேன். அதுலேருந்துதான் இதுக்கு வந்திருக்கும், இல்லையா?"

மூன்று பேரும் உள்ளறைக்குப் போனார்கள். டெய்லர் கட்டிலிலிருந்து எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றார். அவன் குனிந்து மேசையின் காலைப் பார்த்தான். ஓட்டைகள் இருந்தன, ஆனால் எந்தக் காலத்து ஓட்டைகளோ. ஓரம் கறுத்து மழுங்கி, உள்ளே தூசி இறுகிக் கிடந்தது. அடியில் ஒரு சிட்டிகை மாவு இல்லை. பார்த்ததுமே தெரிந்தது. தச்சு வேலைக்கு வந்த புதிதில் இருக்கும் ஒருவனுக்குக்கூடத் தெரியும்.

"இதுலேருந்துதானே?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"இருக்கலாம்" என்றான்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்." கணவன் தலையைச் சொறிந்துகொண்டே, "அப்பா, இதை வெளியே அனுப்பிடலாம்பா. வேற நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றான்.

டெய்லர் மகனைத் தாண்டி நடந்தார். நேராகத் தச்சனிடம் வந்தார்.

"தம்பி, எவ்வளவு அழகா செஞ்சு குடுத்தீங்க. என் சாமானால உங்க வேலைக்குக் கெட்ட பேரு வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லைங்க ஐயா" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. இப்போதாவது வாயைத் திறக்கலாம் என்று நினைத்தான். கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

கருவி இருக்கிறதே என்று மேசையைப் பிரிக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்தார்கள். டெய்லர் கொக்கியில் தொங்கிய அளவு நாடாவையும் கத்தரியையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். இழுப்பறையிலிருந்த பொத்தான்களை ஒரு துணியில் கொட்டி முடிந்தார். அவன் மூட்டுகளைத் தட்டிக் கழற்றக் கழற்ற, கால்களை அவரே தாங்கிப் பிடித்துக்கொண்டார். மேசை போன இடத்தைத் தானே பெருக்குகிறேன் என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, குனிந்து தரையை உற்றுப் பார்த்தார்.

"மாவைக் காணோமே தம்பி."

"எல்லாம் உள்ள இருக்கும்ங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பலகைகளையும் கால்களையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியில் எங்காவது போட்டுவிடலாம் என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான். கை வரவில்லை. மனைவி வாசலிலேயே மேசைக்காலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல மரமாச்சே. ஏன் பிரிச்சீங்க? யாரோடது?"

"டெய்லர் மேசை. வண்டு விழுந்துடுச்சுன்னு..."

அவள் ஓட்டையில் நகத்தை விட்டுப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டான்.

"அந்தச் சுவருதான?" என்று கேட்டாள்.

அவள் மேசைக்காலைச் சுவரோரம் மெதுவாகச் சாய்த்துவைத்தாள். "நானும்தான் வாயை மூடிக்கிட்டு எண்ணெய் பூசினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். சண்டையில் மனசின் பாரம் பாதி கரைந்துபோயிருக்கும். அடுத்து வந்த நாட்களில் வேறொரு வீட்டில் கதவு பொருத்தப் போனான். அந்த வீட்டுக்காரர் "உங்களை நம்பித்தான்" என்று சாதாரணமாகச் சொன்னபோது, ரசமட்டத்தை மறுபடி எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மேசைத் துண்டுகளை மறுபடி வண்டியில் ஏற்றினான். மனைவி, "நானும் வர்றேன்" என்றாள்.

"வேணாம். பொய் சொன்னது நான்."

துண்டுகளை அந்த அடுக்குமாடியின் கீழேயே விட்டுவிட்டு முதலில் வெறுங்கையோடு மேலே போனான். அந்தப் பெண்ணும் கணவனும் கூடத்தில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றுகொண்டே சொன்னான். மாவு உதிர்ந்ததை அன்றைக்கே பார்த்தது, முன்பக்கம் மட்டும் மருந்து பூசியது, மேசையில் இருந்தது செத்த ஓட்டை என்று தெரிந்தே 'இருக்கலாம்' என்றது, எல்லாவற்றையும் சொன்னான். வரும் வழியில் கோர்த்து வைத்திருந்த சமாதானங்கள் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"அப்போ மேசைல ஒண்ணுமே இல்லையா?" என்றான் அவள் கணவன்.

"ஒண்ணும் இல்லைங்க."

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எங்கப்பா அன்னிக்கு ராத்திரி..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறை வாசலில் டெய்லர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவன் அவர் பக்கம் திரும்பி, "ஐயா, மன்னிச்சுடுங்க" என்றான்.

"மருந்து அடிக்காதது கூடப் பெரிசில்ல" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அவசரத்துல நானும் உள்தையல் போடாம சட்டை குடுத்திருக்கேன். ஆனா நான் உங்கிட்ட வந்து தப்பா எடுத்துக்காதேன்னு கேட்டேன். நீ நின்னு, 'பரவாயில்ல'ன்னு சொன்னே. எனக்கு, பரவாயில்லன்னு."

அதுவரை அவர் அவனை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தார்.

"மேசை எங்க?"

"கீழ இருக்குங்க."

"கொண்டுவந்து பூட்டிக் குடுத்துட்டுப் போ."

கொண்டுவந்து பூட்டினான். இந்தத் தடவை அவர் கால் பிடிக்க வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மறுநாளே சுவரையும் பிரிக்க ஆரம்பித்தான். பலகைகளின் ஓரத்தில் அவருடைய சாக்கட்டிக் குறிகள் இன்னும் இருந்தன. எல்லாவற்றையும் இறுகச் சுற்றிக் கட்டிக் கீழே இறக்கினான். சட்டங்களைக் கழற்றி, ஓட்டைகளைப் பூசி அடைத்து, தேய்த்து, வெள்ளை அடித்தான். வேறு மரம் கொண்டுவந்து அடித்துத் தருகிறேன் என்றதற்கு அவள் கணவன், "வேணாம், மரமே வேணாம்" என்றுவிட்டான். அந்த வேலை முடியும்வரை அந்த வீட்டில் யாரும் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவனும் பாட்டு முணுமுணுக்கவில்லை. உள்ளறையில் கத்தரி துணியைக் கடித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

கடைசி நாள் வாளியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது, பின்னாலேயே அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். ஏதோ விட்டுவிட்டு வந்துவிட்டோம் போல என்று நினைத்தான்.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, அன்னிக்கு மேசை போனப்புறம் நான் மாமாவை என்னென்னவோ பேசிட்டேன். பழைய குப்பையோட வந்து எங்க வீட்டையும் குப்பையாக்கிட்டீங்கன்னு கூடச் சொன்னேன். இன்னும் அவர்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்ல முடியல. சாப்பாடு வெச்சுட்டு வந்துடறேன்." மறுபடி மாடியைப் பார்த்தாள். "நீங்க எப்படிண்ணே ஆரம்பிச்சீங்க?"

அவன் வாளியை வண்டியில் வைத்துவிட்டு யோசித்தான்.

"உள்ள வந்தேன்மா. நீங்க உட்காரச் சொன்னீங்க. உட்கார முடியல, அவ்வளவுதான்."

அவள் தலையசைத்தாள். ஆனால் மேலே போகவில்லை. அவன் வண்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தான். அவள் அதே இடத்தில், கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.